மூணு எனக்கு, மூணு நாத்தனாவுக்கு

ஆகஸ்ட் 18, திங்கள்

நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவள் நான். இதை முதலிலேயே எழுதிவிட்டால் மற்றதை எழுதக் கூச்சம் இருக்காது.

ஒரு மாதமாக மெல்லும்போது தாடை வலித்தது. நாலு வாய் மென்றால் வலிக்கும், நிறுத்தினால் போய்விடும். மணப்பாறையில் முறுக்கு போட்டுப் பிழைக்கிறவள் முறுக்கைக் கடிக்க முடியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது. பல் டாக்டரிடம் போனேன். கடைவாய்ப் பல் ஒன்றைத் தொட்டுக் காட்டி இதுதான் என்று அடித்துச் சொன்னேன். "பல்லு நல்லாத்தானேம்மா இருக்கு" என்றார். "உங்க பல்லா, என் பல்லா" என்று கேட்டேன். பிடுங்கிவிட்டார். மறுவாரம் அதே வலி. பல் இல்லாத இடத்திலும் வலி.

பல்லைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். நாத்தனா ராசாமணி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "உங்க உடம்புல உருப்படியா இருந்தது இது ஒண்ணுதான் அண்ணி. அதையும் குடுத்துட்டு வந்துட்டீங்க" என்றாள்.

ராசாமணி என் வீட்டுக்காரரின் தங்கச்சி. அவள் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு எங்களோடு வந்துவிட்டாள். நான் பிழிவேன், அவள் வேகவைப்பாள், வீட்டுக்காரர் மொபெட்டில் கட்டிக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதைக் கேட்டுப் புதுசாகக் குடிவந்தவர்கள் சண்டை விலக்க வருவதுண்டு.

பல்லுக்குப் பிறகு தலை. சீப்பு பட்டால் மண்டைத்தோல் எரிந்தது. தோளைத் தூக்க முடியவில்லை. வலது பொட்டில் நரம்பு ஒன்று சணல் கயிறு மாதிரி புடைத்துக்கொண்டது. உள்ளூர் டாக்டர் அதைத் தொட்டுப் பார்த்தார்.  அப்படியே திருச்சிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார். இது போன வாரம்.

இப்போது தினம் எழுதச் சொல்லியிருப்பது அங்கேயுள்ள நர்ஸம்மா. மாத்திரை போட்டதையும் கண் எப்படி இருக்கிறது என்பதையும் எழுத வேண்டுமாம். டைரி எண்ணெய்க் கடையில் கொடுத்தது. நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் அதையும் வியாதியில் சேர்த்துக்கொள்ளவும்.

ஆகஸ்ட் 20, புதன்

மாத்திரை ஆறு. கண் சரி.

டாக்டரம்மா சின்னப் பெண். ஆனால் நிதானமாகச் சொல்கிறாள். நான் புடைத்த நரம்பு என்று நினைத்தது ரத்தக்குழாயாம். அதன் சுவருக்குள் வீக்கம். வெளியே இருந்து கிருமி வரவில்லை, நம் உடம்பில் காவலுக்கு இருப்பதே சொந்தக் குழாயை எதிரி என்று நினைத்து அடிக்கிறதாம். சுவர் தடித்தால் உள்ளே வழி குறுகும். மெல்லும்போது தாடைக்கு ரத்தம் அதிகம் வேண்டும், குறுகிய வழியில் அவ்வளவு வராது, அதனால் வலி.

"எதுனால வருதுங்க?"

"சரியாத் தெரியாதும்மா. அம்பது வயசுக்கு மேல வரும். பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் அதிகம்."

"பொம்பளைக்குத்தான் எல்லாமே அதிகம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"அம்மா, இதைக் கவனமாக் கேளுங்க. கண்ணுக்குப் போற குழாயிலயும் இதே வீக்கம் வரலாம். அது அடைச்சா கண்ணு போயிடும். போனது திரும்பாது. ஒரு கண்ணு போனா அடுத்ததும் போகலாம். இந்த மாத்திரைதான் தடுக்கும். நீங்களா நிறுத்தக் கூடாது, நீங்களா குறைக்கக் கூடாது. குறைக்கிறது என் வேலை. கண்ணு மறைச்சாலோ ரெண்டாத் தெரிஞ்சாலோ அந்த நிமிஷமே வந்துடணும்."

சரிங்க என்றேன். வெளியே வந்தால் கதவுக்கு மேல் மூட்டு வாதப் பிரிவு என்று பலகை. ராசாமணிக்கு ரெண்டு முட்டியும் தேய்ந்தவை. பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இது எனக்கு உண்டான இடம் அண்ணி. இங்க உங்களுக்கு என்ன வேலை" என்றாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மாத்திரை ஆறு. கண் சரி. பொட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, அந்தக் குழாயிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். மூன்று தையல். காதுக்கு மேலே கொஞ்சம் முடி போய்விட்டது.

ராசாமணி கேட்டது: "மண்டையத் திறந்தாங்களே, உள்ள ஏதாச்சும் இருந்துச்சான்னு விசாரிச்சீங்களா?"

ஆகஸ்ட் 27, புதன்

வலி எல்லாம் போய்விட்டது. தாடை வலி, தலை வலி, தோள் வலி, நான் எழுதாமல் விட்ட இடுப்பு வலி. கையைத் தூக்கி நானே பின்னல் போட்டுக்கொண்டேன். இப்படி ஒரு மாத்திரை இருக்கிறது என்று இத்தனை நாள் ஒருத்தரும் சொல்லவில்லை.

பரிசோதனை முடிவு வந்தது. டாக்டரம்மா சொன்ன வியாதியேதான். மாத்திரை ஆறு, கண் சரி.

செப்டம்பர் 3, புதன்

பசி. இட்லி எட்டு. பிறகு அவர் தட்டில் மிச்சமிருந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால் விடியுமுன்னே மாவு பிசைந்து வைத்தேன்.

முகம் உப்பிவிட்டது. மாத்திரை வேலை, பிறகு வடியும் என்று டாக்டரம்மா முன்னாலேயே சொன்னாள். தெருவில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. பால்காரர் "முறுக்குல நல்ல வரும்படி போல" என்றார். நான் ஊரில் ஒருத்தரையும் விட்டுவைத்ததில்லை. பால்காரருக்குத் தண்ணித்தொட்டி என்று பேர் வைத்ததே நான்தான். இப்போது எல்லாரும் ஒன்றாகத் திருப்பித் தருகிறார்கள்.

ராசாமணி: "அண்ணி, நீங்க நேரா வர்றீங்களா, திரும்பி நிக்கிறீங்களான்னு தெரியல. பொட்டு வச்சுக்குங்க, அடையாளத்துக்கு."

அவளுக்கு நல்ல பதில் சொன்னேன். இங்கே எழுத முடியாது. நர்ஸம்மா படிப்பாள்.

செப்டம்பர் 8, திங்கள்

மாத்திரை ஆறு. கண் சரி.

தீபாவளி ஆர்டர் வர ஆரம்பித்தது. ராசாமணியால் அடுப்பு முன்னால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. இன்று சட்டியில் முறுக்கு சிவந்துபோனது, அவள் எழுந்து கரண்டி எடுக்குமுன். கீழே உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். என்னை ஒன்றும் திட்டவில்லை. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

எங்கள் வீட்டில் எதையும் ஒரு ஆள் முழுசாகத் தின்றது கிடையாது. ஒரு முட்டை வந்தாலும் பாதி நாத்தனாவுக்கு. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் வரும் தேங்காயைக்கூட உடைத்துத்தான் வைப்போம். அது மாமியார் காலத்துப் பழக்கம். எனக்கு வலி ஒன்றும் இல்லை. அவளுக்கு ரெண்டு காலும் வலி. மூணு எனக்கு, மூணு அவளுக்கு.

"உங்களுக்கு, அண்ணி?" என்றாள்.

"எனக்கு முகம் கொஞ்சம் வடியட்டும்" என்றேன்.

மாத்திரை ஆறு தீர்ந்தது. கண் சரி.

செப்டம்பர் 12, வெள்ளி

ராசாமணி மாடிப்படி ஏறினாள். வடகம் காயப்போட ஒரு தடவை. சும்மா ஒரு தடவை. மேலே நின்று என்னைக் கூப்பிட்டு, "இங்கேருந்து பாத்தா உங்க வகிடு கோணலாத் தெரியுது" என்றாள். மூன்று வருஷம் கழித்து ஏறியவள் சொன்ன முதல் வார்த்தை.

மாத்திரை ஆறு தீர்ந்தது.

செப்டம்பர் 17, புதன்

பக்கத்து வீட்டுச் செல்லபாப்பா, ராசாமணி நடக்கிறதைப் பார்த்துவிட்டு அந்த மாத்திரை தனக்கும் வேண்டும் என்றாள். இல்லை என்றேன். பங்கு என்றால் வீட்டுக்குள்தான். எனக்கும் ஒரு கணக்கு உண்டு.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்று பதம் பார்க்க முறுக்கு ஒன்றை வாயில் போட்டேன். மெல்லவில்லை. ஊறட்டும் என்று விட்டுவிட்டேன். பதத்தை ராசாமணியே பார்த்துக்கொண்டாள்.

சீப்பில் பல் கூர்மையாகிவிட்டது போல. புதுச் சீப்பு வாங்க வேண்டும்.

செப்டம்பர் 22, திங்கள்

திருச்சி. இன்றைக்கு மாத்திரையைக் குறைக்கலாம் என்றுதான் டாக்டரம்மா இருந்தாளாம். ரத்தத்தைப் பார்த்தால் வீக்கத்தின் அளவு ஏறியிருக்கிறது.

"மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களாம்மா?"

"தவறாமத் தீருதுங்க" என்றேன். இது பொய் இல்லை. அட்டையைக் காட்டினேன், காலி. டைரியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தேன்.

"தாடை வலிக்குதா?"

"இப்பல்லாம் கஞ்சிதாங்க குடிக்கிறேன்."

"கண்ணு?"

"நீங்க தெளிவாத் தெரியுறீங்க. நேத்துப் பூசின மஞ்சள்கூடத் தெரியுது."

இதுவும் பொய் இல்லை. அந்த நேரத்துக்குத் தெரிந்தது. குறைக்காமல் ஆறே தொடரட்டும், ரெண்டு வாரத்தில் வாருங்கள் என்று எழுதினாள். ராசாமணி வெளியே பெஞ்சில் இருந்தாள். குறைக்கவில்லை என்றதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பிறகு அவளே அதை மறைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

செப்டம்பர் 29, திங்கள்

அடுப்புப் புகை வலது கண்ணுக்கு மட்டும் வருகிறது. கொஞ்ச நேரம் நின்று போய்விடும். காஸ் அடுப்புக்கு மாறி ஆறு வருஷம் ஆகிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அச்சு, சாரணிக் கரண்டி, சட்டி எல்லாம் கழுவிச் சந்தனம் வைத்தோம். அவர் மொபெட்டுக்கு மாலை போட்டார். அடுப்பு பற்றவைக்கவில்லை. புகை மட்டும் வந்தது.

ராசாமணி, "என்ன கண்ணைக் கசக்கிக்கிட்டே இருக்கீங்க, மொபெட்டுக்கு மாலை போட்டாரு, உங்களுக்குப் போடலைன்னா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 6, திங்கள்

இன்று திருச்சி போக வேண்டிய நாள். திருச்சிக் கடைக்காரரே நூறு பாக்கெட் கூடுதலாகக் கேட்டிருக்கிறார். தீபாவளி கழித்துப் போகலாம். இப்போது போனால் டாக்டரம்மா படுக்க வைத்துவிடுவாள், அவள் பார்வை அப்படி.

மாத்திரை ஆறு தீர்ந்தது. கண்.

அக்டோபர் 13, திங்கள்

வலது கண் இன்று விடியவில்லை. மற்றபடி வேலை நடந்தது.

அக்டோபர் 15, புதன்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். வரி ஏறி இறங்கினால் அது கட்டிலின் குற்றம்.

நேற்று நடந்ததை ராசாமணி பிறகு சொன்னாள். நான் பிழிந்துகொண்டிருக்கிறேன். அவள் என் வலது பக்கம் வந்து உட்கார்ந்து, கன்னத்தை உப்பவைத்து, என்னைப் போலவே அச்சைத் திருகிக் காட்டியிருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாக்கை நீட்டியிருக்கிறாள். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் நான் அவளுக்குப் பதில் சொல்லாமல் விட்டதே இல்லையாம். என் இடது கண்ணைத் தன் கையால் பொத்தி, "நான் யாரு?" என்று கேட்டாள்.

"கையை எடு, சொல்றேன்" என்றேன்.

அடுப்பை அணைத்துவிட்டு வெளியே ஓடி அவரைக் கூப்பிட்டாள். அவள் ஓடியதை நேற்றுத்தான் பார்த்தேன். பாதி பார்த்தேன்.

திருச்சியில் டாக்டரம்மா கேள்விமேல் கேள்வி. எத்தனை நாளாக மறைக்கிறது, மாத்திரை போட்டீர்களா, எத்தனை. நான் "தவறாம" என்று ஆரம்பிக்குமுன் ராசாமணி முன்னால் வந்து நின்றாள்.

"பாதி என் வயித்துல இருக்கும்மா. இப்ப எடுத்து அவங்களுக்கு வைக்க முடியும்னா வச்சிடுங்க."

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபமாகப் பேசியிருந்தால் நான் ஏதாவது சொல்லி இருப்பேன்.  ட்ரிப்ஸ் ஏற்றச் சொன்னாள். மூன்று நாள், நேராக ரத்தத்தில். பிறகு கட்டிலுக்கு வந்து உட்கார்ந்து சொன்னாள்.

"வலது கண்ணுல பார்வை திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன்மா. இப்ப இடது கண்ணுக்காகத்தான் இதெல்லாம். வலி போனா வியாதி போச்சுன்னு அர்த்தம் இல்லை. வலி இல்லாம உள்ளயே எரியும். மாத்திரை வலிக்கு இல்லை, குழாய்க்கு."

"முட்டிக்கும் நல்லாக் கேக்குதுங்க" என்றேன். பழக்கதோஷம்.

அப்போதுதான் அவள் ராசாமணி பக்கம் திரும்பினாள். தினம் மூன்று, ஐந்து வாரம். இவளும் இனிச் சட்டென்று நிறுத்தக் கூடாதாம், உடம்பு தானாகச் சுரப்பதை மறந்திருக்குமாம். விரலில் குத்திப் பார்த்தார்கள், சர்க்கரை இருநூறைத் தாண்டியிருந்தது. அவளுக்கும் ஒரு சீட்டுப் போட்டார்கள். மூட்டு வாதப் பிரிவில் அவளுக்கு உண்டான இடம் கிடைத்தது. இதைச் சொன்னேன். அவள் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அக்டோபர் 17, வெள்ளி

மூன்றாவது ட்ரிப்ஸ். இடது கண்ணைக் காலை, மாலை ரெண்டு வேளையும் பார்க்கிறார்கள். எழுத்து அட்டையில் கடைசி வரிக்கு முந்தின வரி வரை படித்தேன். கடைசி வரி எனக்கு நல்ல நாளிலேயே தெரியாது.

ராசாமணி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிறாள். அழுகிறாள் என்று நினைக்கிறேன். குனிந்து பார்த்தால் தலை சுற்றுகிறது, அதனால் உறுதியாக எழுத முடியவில்லை.

"நீ கேட்டா எடுத்துக்கிட்ட? நான்தானே குடுத்தேன்" என்று கீழே பார்க்காமலே சொன்னேன்.

"ரெண்டாம் நாளே வேண்டாம்னு சொல்லியிருக்கணும் அண்ணி. மாடி ஏறிட்டேன். அதுக்கப்புறம் வாய் வரல."

அவளிடமிருந்து வந்ததிலேயே இடக்கு இல்லாத பேச்சு இதுதான். நான் கொட்டாவி விட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாத்திரை ஆறு. ஆறும் என் வாய்க்குள் போனதை ராசாமணி நின்று பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். நாக்கைத் தூக்கச் சொன்னாள். இடது கண் சரி.

நாங்கள் இல்லாத நாளில் அவர் தானே பிழிந்து, தானே வேகவைத்து, பாதி ஆர்டரைக் கொடுத்திருக்கிறார். மீதிக் கடைகளுக்கு நேரில் போய் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாராம். வாயைத் திறந்து பேசாத மனுஷன், பதினாலு கடை. அவர் பிழிந்ததில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை.

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"வாங்கிக்கிட்டாங்க" என்றார். என் வலது பக்கம் நின்றிருந்தவர் சுற்றி இடது பக்கம் வந்து அதைச் சொன்னார்.

நவம்பர் 5, புதன்

கண்ணாடி முன்னால் பொட்டு வைத்துக்கொண்டேன். ராசாமணி வந்தாள், விரலால் அதை நடுவுக்கு நகர்த்தினாள், போய்விட்டாள். ஒரு வார்த்தை இல்லை. இந்த நோயில் எனக்குப் பயம் வந்தது இன்றைக்குத்தான்.

மாத்திரை ஆறு. இடது கண் சரி.

நவம்பர் 24, திங்கள்

திருச்சி. வீக்கத்தின் அளவு இறங்கிவிட்டது. ஆறு அஞ்சானது. எலும்புக்கு ஒரு மாத்திரை சேர்ந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னாள், சர்க்கரையைப் பார்க்கச் சொன்னாள். இன்னும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம்கூட ஆகலாமாம், மாத்திரை நிற்க. திரும்ப வரக்கூடிய வியாதியாம்.

ராசாமணிக்கு மாத்திரை ஒன்றுக்கு வந்துவிட்டது. முட்டி வலியும் வந்துவிட்டது. அதற்கென்று தனியாகப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்க வேண்டும். "பரேடுக்குப் போற வயசா எனக்கு" என்கிறாள், ஆனால் செய்கிறாள். அடுப்பை மேடைமேல் ஏற்றிவிட்டோம். இப்போது நின்றும் உட்கார்ந்தும் வேகவைக்கிறாள். இதை முன்னாலேயே செய்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

செல்லபாப்பா மறுபடி வந்து அந்த முட்டி மாத்திரையைக் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் ராசாமணி சொன்னாள்.

"இருக்குது அக்கா. விலை ஒரு கண்ணு. எங்க அண்ணி குடுத்துட்டாங்க. உனக்கு எந்தக் கண்ணு வேண்டாம்னு சொல்லு."

செல்லபாப்பா மோர் மட்டும் குடித்துவிட்டுப் போனாள்.

அப்புறம் ராசாமணி என்னைப் பார்த்து, "முகம் வடிஞ்சிருச்சு அண்ணி. பழைய மூஞ்சி தெரிய ஆரம்பிச்சிருச்சு. உப்பலே தேவலாம்" என்றாள். பதிலுக்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. மாத்திரை அஞ்சு. இடது கண் சரி. ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

ஜனவரி 5, திங்கள்

திருச்சி. ராசாமணி என் வலது பக்கமே நடந்து வந்தாள், முழங்கையைப் பிடித்துக்கொண்டு. வலது பக்கம் எனக்கு ஊரே இல்லை, அங்கே அவள் இருக்கிறாள்.

இடது கண்ணில் மருந்து விட்டு, விளக்கடித்து, அரைமணி நேரம் பார்த்தார்கள். கடைசியில் டாக்டரம்மா சீட்டை மடித்துவைத்துச் சொன்னாள்: "இடது கண்ணு அப்படியே இருக்கும்மா. ஒண்ணும் ஆகலை. இன்னிக்கு அஞ்சை நாலாக்கலாம்." முதல் தடவையாகச் சிரித்தாள். ராசாமணி சுவரைப் பார்த்துத் திரும்பி மூக்கைச் சிந்தினாள்.

டாக்டரம்மாவுக்கென்று நானே பிழிந்த முறுக்கு ரெண்டு கிலோ கொண்டுபோயிருந்தேன். இதெல்லாம் எதுக்கும்மா என்றாள். "வச்சுக்குங்க. இதுல யாருக்கும் பங்கு இல்ல" என்று சொல்லி, பெட்டியை அவளுக்கு முன்னால் மேஜைமேல் வைத்தேன்.

மேஜை நான் நினைத்ததைவிட ஒரு சாண் தள்ளி இருந்தது. பதம் சரியாக வந்திருக்கிறது. பெட்டி தரையில் விழுந்த சத்தத்திலேயே தெரிந்தது.